டெங்: டிங்கா மக்களின் மழைத் தெய்வம்

தென் சூடானில் வாழும் டிங்கா மக்களின் மரபு வழிபாட்டில் மழைக்கும் வளத்துக்கும் உரிய தெய்வம் டெங். இடி, மின்னல், மழை மூன்றும் அவருக்கு உரியவை. மழை பெய்தால் புல் முளைக்கும். புல் இருந்தால் மாடு பால் சுரக்கும். பால் இருந்தால் பிள்ளைகள் பிழைக்கும். ஆகவே வயலின் விளைச்சல், மந்தையின் பெருக்கம், வீட்டின் மகப்பேறு ஆகிய எல்லாவற்றுக்கும் அவரையே வேண்டினார்கள். டிங்கா மொழியில் டெங் என்றால் மழை என்றே பொருள். 'பெரிய' என்னும் பொருள் தரும் விகுதியைச் சேர்த்து 'டெங்டிட்' என்றும் அவரை அழைப்பார்கள்.

டிங்கா மக்கள் தங்களை 'ஜியெங்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தென் சூடானின் மிகப் பெரிய இனக்குழு இவர்களே. வெள்ளை நைல் ஆற்றின் இரு கரைகளிலும், மேற்கே பஹர் எல் கஸல் ஆற்றுப் படுகையிலும், வடக்கே அபியே வட்டாரத்திலும் பரவி வாழ்கிறார்கள். இவர்களுக்குள் பல பிரிவுகள் உண்டு. எல்லாரையும் ஆண்ட ஒரே அரசர் இருந்ததில்லை. எல்லாருக்கும் பொதுவான வேத நூலும் கிடையாது. கதைகளும் வேண்டுதல்களும் வாய்வழியாகவே தலைமுறை தாண்டி வந்தன. அதனால் டெங்கைப் பற்றிய செய்திகள் வட்டாரத்துக்கு வட்டாரம் சற்றே மாறும். அடிப்படை மட்டும் மாறுவதில்லை.

மழையை நம்பிய நிலம்

டெங்கைப் புரிந்துகொள்ள, முதலில் அவர்களுடைய நிலத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை நைல் தென் சூடானின் சமவெளிக்கு வந்ததும் வேகம் இழந்து பரந்து விரிகிறது. கோரையும் நாணலும் மண்டிய அந்தச் சதுப்பு நிலத்துக்கு 'சட்' என்று பெயர். உலகின் மிகப் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்றான இது, 2006ஆம் ஆண்டு, முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற பரப்பு மட்டும் சுமார் 57,000 சதுர கிலோமீட்டர்.

ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மேடுகள் தவிர மற்ற இடமெல்லாம் அப்போது நீரில் மூழ்கிவிடும். மக்கள் மேட்டில் இருக்கும் ஊர்களில் தங்கிச் சோளம் பயிரிடுவார்கள். நவம்பர் பிறந்தால் நிலைமை தலைகீழாகும். களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். ஊர்க் குளங்கள் வற்றும். இளைஞர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரப் புல்வெளிகளுக்குப் போய் அங்கே பட்டி அமைப்பார்கள். சாண வறட்டியை மூட்டிக் கொசுவை விரட்டுவதும், அந்தச் சாம்பலை உடம்பில் பூசிக்கொள்வதும், பாலும் மீனும் உண்டு நாளை ஓட்டுவதும் அந்தப் பட்டி வாழ்க்கையின் வழக்கங்கள்.

இந்தச் சுழற்சி முழுவதும் மழையைப் பொறுத்தது. மழை பிந்தினால் புல் கருகி மந்தை சாகும். அளவுக்கு மிஞ்சினால் பயிர் அழுகும். மேட்டையும் வெள்ளம் விழுங்கும். 1960களின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தபோது சதுப்பு நிலம் பெரிதும் விரிந்து, மேய்ச்சல் நிலங்கள் தண்ணீருக்குள் போயின. 2019 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் வந்த வெள்ளமும் ஜோங்லே மாநிலத்தில் ஊர்களையும் மந்தைகளையும் அழித்தது. வாழ வைக்கும் அதே மழை அழிக்கவும் செய்யும் என்பது அந்த மக்கள் கண்ணால் கண்ட உண்மை. டெங்கின் இயல்பிலும் இந்த இரண்டு முகங்களும் உண்டு.

ஒரே கடவுளும் பல தெய்வங்களும்

டிங்கா சமயத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர் நியாலிச். மேலே, வானத்தில் இருப்பவர் என்பது அந்தப் பெயரின் கருத்து. உலகத்தைப் படைத்தவரும் உயிர் கொடுப்பவரும் அவர்தான். உண்மைக்கும் நீதிக்கும் அவரே சாட்சி. மக்கள் அவரைத் தந்தை என்று அழைப்பார்கள்.

நியாலிச்சுக்குக் கீழே, மனிதர்களின் வாழ்வில் நேரடியாகக் குறுக்கிடும் தெய்வங்கள் உண்டு. அவை இரண்டு வகை. முதல் வகை குலதெய்வங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ மரமோ வேறு பொருளோ அடையாளமாக இருக்கும். அந்தக் குலத்தில் பிறந்தவர்கள் அதை மதித்துக் காப்பார்கள். இரண்டாவது வகைத் தெய்வங்கள் எந்தக் குலத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல; யார் மீது வேண்டுமானாலும் இறங்கும். டெங், கராங், அபுக், மச்சார்டிட் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் டெங்குக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

டெங்குக்கும் நியாலிச்சுக்கும் உள்ள உறவு ஐரோப்பியப் பயணிகளையும் பாதிரிமார்களையும் நெடுங்காலம் குழப்பியது. சிலர் டெங்டிட்தான் டிங்கா மக்களின் முழுமுதற் கடவுள் என்று எழுதினார்கள். வேறு சிலர் அவரைப் பல தேவதைகளில் ஒன்றாகக் கணக்கிட்டார்கள். டிங்கா மக்களோ டெங்கை நியாலிச்சின் மகன் என்பார்கள். அடுத்த மூச்சிலேயே டெங்கும் நியாலிச்சும் ஒன்று என்றும் சொல்வார்கள். கடவுள் ஒருவரே என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லை. அந்த ஒருவர் மழையாகவும் மின்னலாகவும் மனிதரைத் தொடும்போது அவருக்கு டெங் என்று பெயர்.

இந்தச் சிக்கலைத் தெளிவாக விளக்கியவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மானுடவியலாளர் காட்ஃப்ரே லீன்ஹார்ட். அவர் 1947 முதல் 1950 வரை டிங்கா மக்களிடையே ஆய்வு செய்து, 1961இல் அவர்களுடைய சமயத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். டெங் போன்ற தெய்வங்கள் டிங்கா மக்களின் அனுபவத்தோடு ஒட்டியவை என்பது அவருடைய முடிவு. மனிதர் தாமாகத் தேடிப் போகாமல் அவர் மேல் வந்து விழும் அனுபவங்கள் உண்டு: திடீர் நோய், இடி, பேரச்சம், பெருமகிழ்ச்சி. அவற்றுக்கு ஒரு பெயரும் உருவமும் கிடைத்துவிட்டால் அவற்றோடு பேசலாம், வேண்டிக்கொள்ளலாம், சமாதானம் செய்துகொள்ளலாம். அப்படிக் கிடைத்த பெயர்களில் ஒன்று டெங்.

வானம் விலகிப்போன கதை

தொடக்கத்தில் வானமும் பூமியும் மிக நெருக்கமாக இருந்தன என்கிறது டிங்கா தொன்மம். இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி மனிதர்கள் கடவுளிடம் போய் வருவார்கள். அப்போது சாவு கிடையாது. முதல் மனிதன் கராங், முதல் பெண் அபுக் இருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு தானியமணிதான் கடவுள் கொடுத்த அளவு. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் அபுக் கொஞ்சம் கூடுதலாகப் பெற விரும்பினாள். அதிகம் விதைக்க நினைத்தாள் என்று சிலரும், அதிகம் குத்த நினைத்தாள் என்று சிலரும் சொல்வார்கள். அதற்காக நீண்ட பிடி கொண்ட கருவியைக் கையில் எடுத்தாள். ஓங்கிய வேகத்தில் அந்தப் பிடி தாழ்ந்திருந்த கடவுளின் மேல் பட்டுவிட்டது. கடவுள் கோபித்துக்கொண்டு இப்போதிருக்கும் தொலைவுக்கு விலகிப் போனார். சின்னஞ்சிறு நீல நிறப் பறவை ஒன்றை அனுப்பிக் கயிற்றையும் அறுத்துவிட்டார். அன்றிலிருந்து மனிதர் உழைத்துத்தான் உண்ண வேண்டும். பசி, நோய், சாவு மூன்றும் உலகத்துக்கு வந்தன.

அபுக் செய்ததைப் பெரும் பாவமாக டிங்கா மக்கள் பேசுவதில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. அதன் விலையாக மனிதர் கடவுளிடமிருந்து பிரிந்து, தம் கால்களில் நிற்க வேண்டியதாயிற்று. கயிறு அறுந்த பிறகு வானத்துக்கும் பூமிக்கும் இடையே மிஞ்சியிருக்கும் தொடர்பு மழை மட்டுமே. மனிதர் மேலே ஏறிப் போக முடியாது. மழைதான் கீழே இறங்கி வர வேண்டும். மழைத் தெய்வத்துக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்கு இந்தக் கதையே விளக்கமாக அமைகிறது.

டெங்கின் குடும்பம்

பல வட்டாரங்களில் டெங், முதல் மனிதர்களின் பெயரையே தாங்கும் கராங், அபுக் தெய்வங்களுக்குப் பிறந்த மகனாகக் கருதப்படுகிறார். அபுக்கை டெங்கின் மனைவியாகச் சொல்லும் வழக்கும் சில இடங்களில் உண்டு. தந்தையான கராங் வெயிலோடும் உடல் சூட்டோடும் தொடர்புடையவர். அவர் ஒருவர் மேல் இறங்கினால் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்று நம்பினார்கள்.

தாயான அபுக் பெண்களின் உழைப்புக்குக் காவல். சோளக்கொல்லை, அறுவடை, தானியத்தில் காய்ச்சும் பீர் எல்லாம் அவளுடைய பொறுப்பு. சிறிய பாம்பு அவளுக்கு அடையாளம். டிங்கா தெய்வங்களில் பரவலாக அறியப்பட்ட ஒரே பெண் தெய்வம் அவள்தான். தந்தை வெயில், தாய் விளைநிலம், மகன் மழை என்று மூவரும் சேரும்போது பயிர் விளைவதற்கு வேண்டிய எல்லாமே அந்தக் குடும்பத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த மூவருக்கும் நேர் எதிரானது மச்சார்டிட். பெரிய கறுப்பு என்பது அதன் பெயருக்குப் பொருள். காரணம் சொல்ல முடியாத சாவையும் மலட்டுத்தன்மையையும் கொண்டுவருவது அது. ஊருக்கு வெளியே, காட்டின் ஓரத்தில் அதன் இடம். மச்சார்டிட்டும் கடவுளிடமிருந்து வந்ததே என்று டிங்கா மக்கள் ஒப்புக்கொள்கிறார்கள். நல்லது மட்டும் கடவுளுடையது, கெட்டது வேறு யாருடையதோ என்று அவர்கள் பிரித்துப் பேசுவதில்லை.

இடியும் குளிர்ச்சியும்

மின்னல் டெங்கின் கையிலுள்ள தடி. அந்தத் தடியால் அவர் யாரை அடிக்கிறாரோ அவரைக் கடவுளே நேரடியாக எடுத்துக்கொண்டதாகப் பொருள். அதனால் மின்னல் தாக்கி இறந்தவருக்கு மற்றச் சாவுகளில் செய்வது போல் துக்கம் கொண்டாடுவதில்லை. இடி மின்னலோடு மழை கொட்டும்போது வானத்தில் நடப்பதை டெங்கின் வருகையாகவே பார்த்தார்கள்.

டெங் தரும் வளத்துக்கு இன்னொரு பெயர் குளிர்ச்சி. டிங்கா சிந்தனையில் சூடும் குளிர்ச்சியும் தட்பவெப்பத்தை மட்டும் குறிப்பவை அல்ல. சண்டை, நோய், வறட்சி, பதற்றம் எல்லாம் சூடு. நலம், சமாதானம், நிறைவு எல்லாம் குளிர்ச்சி. கோடையின் கடைசியில் முதல் மழை விழும்போது நிலம் மட்டும் குளிர்வதில்லை. பட்டிகளில் பிரிந்து கிடந்தவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள், உறவுகள் கூடும், விதைப்பு தொடங்கும். ஒரு சமூகம் மறுபடி ஒன்றுசேரும் காலத்துக்கு டெங் காவலாக இருந்தார்.

மகப்பேறும் இதோடு சேர்ந்தது. குழந்தை இல்லாதவர்கள் டெங்கை வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் பலித்துப் பிறந்த ஆண் குழந்தைக்கு டெங் என்று பெயரிடுவது வழக்கம். மழை பெய்யும்போது பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பெயர் வைப்பதுண்டு.

பற்களோடு பிறந்த குழந்தை

டெங்டிட் பூமிக்கு வந்த கதை ஒன்றை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடானில் ஆய்வு செய்த சார்லஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதியர் பதிவு செய்திருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் வானத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கர்ப்பமாக இருந்தாள். ஊரார் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாடு பலியிட்டு மரியாதை செய்தார்கள். அவளுக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறக்கும்போதே பற்கள் எல்லாம் முளைத்திருந்தன. அழுதபோது கண்ணீருக்குப் பதில் இரத்தம் வந்தது. இவனே உங்கள் தலைவன், இவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாய் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆகவே குழந்தைக்கு டெங் என்று பெயர் வந்தது. அவன் நெடுங்காலம் அவர்களை ஆண்டு, முதுமையில் ஒரு பெரும்புயலில் மறைந்து போனான்.

பற்களோடு பிறப்பது டிங்கா மக்களிடம் தெய்வ ஆற்றலுக்கு அடையாளம். அவர்களுடைய இன்னொரு பெருந்தொன்மத்தின் நாயகனான அய்வெல் லோங்காரும் அப்படியே பிறந்தவன்.

ஈட்டித் தலைவர்கள்

அய்வெல், ஆற்றின் ஆற்றலுக்குப் பிறந்த பிள்ளை. ஆற்றங்கரையில் அழுதுகொண்டிருந்த ஒரு முதியவளை ஆறே இரக்கப்பட்டு அழைத்தது. அதன் அலைகளால் அவள் கருவுற்றாள் என்பது கதை. பெரும் வறட்சி வந்து மாடுகள் மடிந்தபோது, வளமான மேய்ச்சல் நிலத்துக்கு மக்களை அழைத்துப் போக லோங்கார் முன்வந்தான். அவர்கள் மறுத்துத் தாமாகவே புறப்பட்டார்கள். ஆற்றைக் கடக்க முயன்றவர்களை அவன் மீன்பிடி ஈட்டியால் ஒவ்வொருவராகக் குத்திக் கொன்றான். கடைசியில் ஒருவன் தந்திரமாக ஒரு மாட்டின் எலும்பைக் கோலில் மாட்டித் தண்ணீருக்கு மேலே நீட்டினான். ஈட்டி எலும்பில் சிக்கிய நேரத்தில் லோங்காரைப் பிடித்து அடக்கினான். லோங்கார் மனம் மாறித் தன் ஈட்டிகளையும், வேண்டுதலால் உயிர் காக்கும் ஆற்றலையும் அவர்களுக்குக் கொடுத்தான்.

அந்த ஆற்றலைப் பரம்பரையாகப் பெற்றவர்கள் 'மீன்பிடி ஈட்டியின் தலைவர்கள்' என்று அழைக்கப்படும் பூசகர் குலத்தார். மழைக்காக வேண்டுவது, மாடுகளும் மக்களும் பெருக வாழ்த்துவது, சண்டைகளைத் தீர்த்துவைப்பது ஆகியவை அவர்களுடைய கடமைகள். போர்வீரரின் ஆயுதம் அகன்ற அலகு கொண்ட வேல்; இவர்களுடைய ஈட்டியோ மீன் பிடிக்கும் ஈட்டி. சமூகத்தின் உயிரே இவர்களிடம் இருப்பதாகக் கருதினார்கள். முதுமை அடைந்த ஈட்டித் தலைவர், தன் விருப்பப்படியே உயிரோடு மண்ணுக்குள் வைக்கப்பட்ட வழக்கமும் இருந்தது. அவருடைய மூச்சு வீணாகப் போகாமல் மக்களிடமே தங்கிவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தச் சடங்கில் யாரும் அழக் கூடாது. பிரிட்டிஷ் ஆட்சி இதைத் தடை செய்தது.

மழைக்கான சடங்குகள் நடக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். கோடையின் உச்சியில் யாரும் மழை கேட்டுச் சடங்கு செய்வதில்லை. மழைக்காலம் நெருங்கி வரும் நேரத்தில்தான் செய்வார்கள். இயற்கையை மந்திரத்தால் கட்டுப்படுத்தலாம் என்று நம்பும் மக்கள் அல்லர் அவர்கள் என்று லீன்ஹார்ட் இதிலிருந்து காட்டினார். இரவு உணவுக்குள் வீடு சேர விரும்பும் டிங்கா வழிப்போக்கன், வழியில் புல்லை எடுத்து முடிச்சுப் போடுவான். தான் போகும்வரை சமையல் முடியாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். முடிச்சைப் போட்டுவிட்டு அவன் உட்கார்ந்துவிடுவதில்லை. முன்னைவிட வேகமாக நடக்கிறான். சடங்கு அவனுடைய நோக்கத்தை உறுதிப்படுத்துகிறது, முயற்சி அவனுடையது. மழைச் சடங்கும் அவ்வாறே: வரப்போகும் பருவத்துக்கு ஒரு சமூகம் மொத்தமாகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது.

மாடும் பலியும்

டிங்கா வாழ்வில் மாடு இல்லாமல் எதுவும் இல்லை. மணப்பெண்ணுக்கு ஈடாகத் தருவது மாடு. கொலைக்கு இழப்பீடு மாடு. கடவுளோடு பேசவும் மாடே துணை. மாடுகளின் நிறத்தையும் புள்ளிகளையும் குறிக்க அவர்கள் மொழியில் ஏராளமான சொற்கள் உண்டு. பருவம் எய்திய இளைஞனுக்கு ஒரு காளை கிடைக்கும். அதன் நிறத்தைக் கொண்டு அவனுக்கும் ஒரு பெயர் அமையும். அதைப் புகழ்ந்து பாட்டுக் கட்டுவதும், அதன் கொம்பு வளைந்திருப்பது போலத் தன் கைகளை உயர்த்தி ஆடுவதும் அவனுக்குப் பெருமை.

தெய்வங்களுக்கும் நிறங்கள் உண்டு. மாஜோக், மரியால் என்பவை கறுப்பும் வெள்ளையும் கலந்த நிற அமைப்புகள். இருண்ட மேகத்தில் மின்னல் வெட்டுவதை அந்த நிறத்தில் கண்டு, அத்தகைய மாட்டை டெங்குக்கு உரியதாக எண்ணினார்கள். யாருக்காவது நோய் வந்து, அது டெங்கின் வேலை என்று குறி சொல்பவர் அறிவித்தால், அந்தக் குடும்பம் அவருக்கு ஒரு மாட்டை நேர்ந்துவிடும். வீட்டு முற்றத்தில் கவைக்கம்பு நட்டோ, மண்ணால் சிறு மேடு எழுப்பியோ அவருக்கு ஓரிடம் அமைப்பார்கள்.

பலிச் சடங்கு மணிக்கணக்கில் நீளும். முற்றத்தின் நடுவே அடித்த முளையில் மாடு கட்டப்படும். ஈட்டித் தலைவர் கையில் ஈட்டியை ஏந்தி, அதைத் தாளத்தோடு அசைத்தபடி வேண்டுதலைச் சிறு சிறு வாக்கியங்களாகச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். தொடக்கத்தில் ஆங்காங்கே பேச்சும் சலசலப்பும் இருக்கும். நேரம் போகப் போகக் குரல்கள் ஒன்றாகி வலுக்கும். சிலருடைய தொடையும் தோளும் நடுங்கத் தொடங்கும். அவர்களுடைய உடலில் தெய்வம் விழித்துக்கொண்டது என்பார்கள். நோயும் பகையும் மக்களை விட்டு நீங்கி மாட்டின் முதுகில் ஏற வேண்டும் என்று சொல்லப்படும். பிறகு மாட்டைச் சாய்த்துப் பலியிடுவார்கள். இறைச்சியை இன்ன உறவுக்கு இன்ன பாகம் என்ற முறைப்படி பங்கிடுவார்கள். ஊர் முழுவதும் ஒரே உடல் என்பதை அந்தப் பங்கீடு நினைவூட்டும். மாடு உடனே கிடைக்காத அவசரத்தில் ஒரு காட்டு வெள்ளரிக்காயைப் பிளந்து வைத்து, மாட்டைப் பின்னர் தருவதாக வாக்குக் கொடுப்பதும் உண்டு.

எல்லை தாண்டிய தெய்வம்

டெங்கின் புகழ் டிங்கா மக்களோடு நிற்கவில்லை. அண்டை இனத்தவரான நூவர் மக்களும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். வானத்து ஆவிகளில் முதன்மையானதாக நூவர் மக்கள் டெங்கைக் கருதியதையும், அது டிங்கா மக்களிடமிருந்து வந்தது என்று அவர்களே சொன்னதையும் மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் எழுதியிருக்கிறார். மாட்டுக்காக இரு இனத்தாருக்கும் இடையே எத்தனையோ மோதல்கள் நடந்திருக்கின்றன. ஆனாலும் வெள்ளை நைலுக்குக் கிழக்கே லுவாங் டெங் என்ற இடத்திலிருந்த டெங் கோயிலுக்கு இரு தரப்பாரும் வந்து வழிபட்டார்கள்.

நூவர் தீர்க்கதரிசிகளில் புகழ்பெற்றவரான நுன்டெங் போங் மீது டெங் இறங்கியதாக நம்பினார்கள். நுன்டெங் என்றால் டெங் தந்த கொடை. அவர் 1890களில் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டி, டெங்குக்காக மண்ணாலும் சாம்பலாலும் ஒரு பெரிய கூம்பு மேட்டை எழுப்பினார். அதைச் சுற்றி யானைத் தந்தங்களை நட்டார்கள். நோயையும் பகையையும் அந்த மேட்டுக்குள் புதைத்துவிடுவது அவருடைய எண்ணம். அவர் 1906இல் இறந்தார். அவருடைய மகன் குவெக்கின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய பிரிட்டிஷ் நிர்வாகம், 1928இல் வெடிவைத்து மேட்டின் ஒரு பகுதியைத் தகர்த்தது. அடுத்த ஆண்டு குவெக் அதே மேட்டின் அருகே கொல்லப்பட்டார். நுன்டெங்கின் புனிதக் கோல் பிரிட்டனுக்குப் போய், 2009இல்தான் தென் சூடானுக்குத் திரும்பியது.

மாறிய காலம்

ஆங்கிலிகன் மிஷன் 1905ஆம் ஆண்டு வாக்கிலேயே டிங்கா நாட்டில் கால் வைத்தது. ஆயினும் மக்கள் பெருவாரியாகக் கிறித்தவத்துக்கு மாறியது 1983 முதல் 2005 வரை நீடித்த சூடான் உள்நாட்டுப் போரின் போதுதான். ஊர்கள் எரிந்தன, மந்தைகள் கொள்ளை போயின, லட்சக்கணக்கானோர் அகதி முகாம்களுக்குச் சென்றார்கள். பழைய தெய்வங்கள் காக்கவில்லை என்ற மனக்குறை பரவியது. 1990களில் சில இடங்களில் வழிபாட்டுப் பொருள்களை மக்களே கொண்டுவந்து குவித்து எரித்தார்கள். இன்று டிங்கா மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். தேவாலயத்தில் அவர்கள் கடவுளை அழைக்கும் பெயர் மட்டும் அதே நியாலிச்.

பழைய மரபு முழுவதும் மறைந்துவிடவும் இல்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வுன்லிட் என்ற ஊரில் டிங்கா, நூவர் தலைவர்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள். ஏற்பாடு செய்தது தேவாலயங்களின் கூட்டமைப்பு. ஆனால் உடன்படிக்கை உறுதியானது, மாபியோர் என்னும் வெள்ளைக் காளையைப் பலியிட்ட பிறகுதான். ஈட்டித் தலைவர்களின் வேண்டுதலும் பாதிரிமார்களின் ஜெபமும் ஒரே இடத்தில் ஒலித்தன.

பெயர்களிலும் பழைய தெய்வங்கள் இருக்கிறார்கள். தென் சூடான் விடுதலை இயக்கத்தின் தலைவராக இருந்த ஜான் கராங், அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரில் புகழ்பெற்ற லுவோல் டெங் ஆகியோரின் பெயர்களில் முறையே தந்தைத் தெய்வமும் மழைத் தெய்வமும் உண்டு. பெண் குழந்தைகளுக்கு அபுக் என்று பெயர் வைப்பது இன்றும் சாதாரணம். டிங்கா மக்களின் பாடல்களையும் கதைகளையும் தொகுத்து வெளியிட்ட அறிஞர் பிரான்சிஸ் மாதிங் டெங், அபியே வட்டார நொக் டிங்கா தலைவர் டெங் மாஜோக்கின் மகன். தம் மக்களின் சிந்தனையை வெளியார் வாயால் மட்டும் உலகம் அறிந்துகொண்டிருந்த நிலையை, 1970களில் வெளிவந்த அவருடைய நூல்கள் மாற்றின.

ஆப்பிரிக்க மரபுச் சமயங்களை வெறும் ஆவி வழிபாடு என்று தள்ளிவிடும் பழக்கம் உலகெங்கும் நெடுநாள் இருந்தது. டெங்கின் வழிபாடு அந்தப் பழக்கத்தைப் பொய்யாக்குகிறது. கடவுள் ஒருவர் என்ற தெளிவு, வாழ்வும் அழிவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்ற துணிவு, மழையை வேண்டுவதோடு மனிதருக்குள் சமாதானத்தையும் வேண்டும் பெருந்தன்மை மூன்றும் அதில் உண்டு. எழுத்தில்லாமல், அரசில்லாமல், கல்லில் ஒரு கோயில்கூட எழுப்பாமல் ஒரு மக்கள்கூட்டம் இவ்வளவு ஆழமான சமயத்தை உருவாக்கியது. உலகின் பெரிய சமயங்களைப் பற்றிப் பேசும்போது டிங்கா மக்களின் சமயத்துக்கும் சமமான மதிப்போடு இடம் கொடுப்பதே முறை.